ஓவியர்களைப் பற்றிச் சிறுவர்களுக்கு ஒரு ஆக்டிவிட்டி புத்தகம்: ஓர் ஓவிய ஆசிரியரின் கேள்விக்குப் பதில்

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். நீங்கள் பெரம்பூர் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர். ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு, தமிழில், பன்னிரண்டு புகழ்பெற்ற ஓவியர்களை வைத்து 48 பக்கத்தில் ஒரு ஆக்டிவிட்டி புத்தகம் போட ஆசைப்படுகிறீர்கள். யாரையெல்லாம் சேர்க்கலாம், நெட்டில் கிடைக்கிற ஓவியங்களை அப்படியே எடுத்துப் போடலாமா, பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அடிக்கலாமா என்று மூன்று கேள்வி. நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கடையில் இருக்கிற புத்தகங்களை வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் கலர் அடித்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள் என்று. எனக்கென்னவோ உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று படுகிறது, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைவதும் பக்கம் வடிவமைப்பதும்தான் பல வருஷமாக என் பிழைப்பு, வார இறுதியில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பும் எடுக்கிறேன். அச்சு, தாள், பிள்ளைகள் கை இவற்றைப் பற்றித் தைரியமாகச் சொல்வேன். காப்புரிமைச் சட்டம் என் வேலைக்கு வேண்டிய அளவுக்குத் தெரியும், நான் வக்கீல் கிடையாது. அந்தப் பகுதியை மட்டும் அச்சுக்குக் கொடுக்கும் முன் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

பத்து நிமிஷத்தில் ஏன் மூடி வைக்கிறார்கள் என்றால், அந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு பக்கம் வாழ்க்கைக் குறிப்பு, எதிர்ப் பக்கத்தில் அவருடைய பிரபலமான ஓவியத்தை டிரேஸ் எடுத்து வெறும் கோடாக்கி, கலர் அடிக்கச் சொல்லி விட்டுவிடுவது. மோனலிசாவுக்கும் ரவிவர்மா சரஸ்வதிக்கும் சோட்டா பீமுக்கும் பிள்ளையின் கை செய்யும் வேலை ஒன்றேதான். அந்த ஓவியர் எப்படி வேலை செய்தார் என்பது அதில் எங்கேயும் வரவில்லை. அதனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே, இவர் எவ்வளவு புகழ்பெற்றவர் என்று பார்ப்பதை விட, இவர் கையால் என்ன செய்தார், அதை எட்டு வயதுப் பிள்ளை வீட்டில் இருக்கிற சாமானை வைத்துச் செய்து பார்க்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இந்தப் புத்தகத்துக்கு வேண்டாம். என் கணக்கில் மைக்கேலாஞ்சலோ இதில் அடிபட்டுப் போவார், ஜாமினி ராய் முதல் ஆளாக வந்து நிற்பார்.

ஜாமினி ராயையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் எண்ணெய் வண்ணத்தில் ஐரோப்பிய பாணியில் வரைந்துகொண்டிருந்தவர், பிறகு அங்கே காளி கோயில் பக்கம் படம் வரைந்து விற்ற காளிகாட் பட ஓவியர்கள் பக்கம் திரும்பினார். தடித்த கோடு, நீண்ட பாதாம் கண், சில நிறங்கள் மட்டும். கடையில் விற்கிற வண்ணத்தை விட்டுவிட்டு மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் செடியிலிருந்தும் எடுத்த நிறங்களைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பயன்படுத்தினார். இது நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிற சமாச்சாரம். செம்மண், அடுப்புக்கரி, மஞ்சள்தூள், கொஞ்சம் கஞ்சி போதும், பிள்ளையே நிறம் செய்துவிடலாம். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசிக் காயவைத்து, துணி சோப்பைக் கரைத்த தண்ணீரில் ஒரு குச்சியைத் தோய்த்துக் கோடு இழுக்கச் சொல்லுங்கள், கோடு சிவப்பாக வரும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதும் இதே காரணத்தால்தான். வகுப்பில் இதைச் செய்த அன்று பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பவே இல்லை, எலுமிச்சைச் சாறு விட்டால் என்ன ஆகும், பல்பொடி போட்டால் என்ன ஆகும் என்று அவர்களாகவே போய்க்கொண்டிருந்தார்கள். (எலுமிச்சை விட்டால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும். வெயிலில் வைத்தால் மஞ்சள் நிறம் வெளுத்துவிடும், அதையும் ஒரு வரி போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் படம் காணாமல் போய்விட்டது என்று அழுவார்கள்.) இதற்கு நாலு பக்கம் தாராளமாகக் கொடுக்கலாம், அதில் வாழ்க்கைக் குறிப்பு ஆறு வரி இருந்தால் போதும்.

ரவிவர்மாவுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. அவர் 1848இல் கிளிமானூரில் பிறந்தவர், 1873இல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கினார் என்பதெல்லாம் பெரியவர்களுக்கு. பிள்ளைக்குச் சுவாரசியமான விஷயம் 1894இல் அவர் பம்பாயில் ஆரம்பித்த அச்சகம். அரண்மனையில் தொங்கிய லட்சுமியும் சரஸ்வதியும் நம் பூஜையறைக்கு வந்தது அந்த அச்சகத்தால்தான். அங்கே கல்லில் படம் வரைந்துதான் அச்சடித்தார்கள்: ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல், ஒரே தாள் ஒவ்வொரு கல்லிலும் படிந்து படிந்து வர வேண்டும். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் பூவின் இதழ், இன்னொரு பாதியில் நடுவட்டம் செதுக்கி (செதுக்குவது பெரியவர்கள் வேலை), ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தச் சொல்லுங்கள். நடுவட்டம் கொஞ்சம் நகர்ந்துதான் விழும். ஏன் நகர்ந்தது, ஐந்து தாளிலும் ஒரே இடத்தில் விழவைக்க என்ன செய்யலாம் என்று கேட்டு அடுத்த பக்கத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். தாளின் மூலையில் பென்சில் அடையாளம் போடலாம் என்று ஒரு பிள்ளையாவது கண்டுபிடிக்கும், அச்சகத்தில் இன்றைக்கும் நாங்கள் செய்வது அதுதான்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி, வண்ணம் பூசிய தாளைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி ஓவியம் செய்தவர்; பென்சிலால் வரைந்துவிட்டு வெட்டக்கூடாது என்பதுதான் விதி, பிள்ளைகளுக்கு அது ரொம்பக் கஷ்டம், ரொம்பப் பிடிக்கவும் செய்யும். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் ஃபூஜி மலையை வெவ்வேறு இடத்திலிருந்து வரைந்த வரிசைக்கு முப்பத்தாறு காட்சிகள் என்று பெயர், வரவேற்பைப் பார்த்துப் பத்து சேர்த்து 46 ஆக்கினார்கள். அந்த வரிசையில் உள்ள 'பெரிய அலை' என்கிற படத்தில் மலை எங்கே இருக்கிறது என்று தேடவிடுங்கள், அப்புறம் பரங்கிமலையை மின்சார ரயில் ஜன்னலிலிருந்து, கத்திப்பாரா மேம்பாலத்திலிருந்து, மீனம்பாக்கத்திலிருந்து என்று அவர்களே ஒரு வரிசை போடட்டும். மெரினாவில் இருக்கிற உழைப்பாளர் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, எழும்பூரை ஒட்டி பெரியமேட்டில் இருக்கிற ஓவியக் கல்லூரிக்குப் பல வருஷம் தலைவராக இருந்தவர். சிலை 1959இல் திறக்கப்பட்டது. நாலு பிள்ளைகளை அந்த நாலு பேர் மாதிரி நிற்கவைத்து, எந்தக் காலில் கனம் இறங்குகிறது என்று கேட்டுவிட்டு, வெறும் குச்சி மனிதர்களாக வரையச் சொன்னால் போதும். கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தவர், ஜாதகக் கட்டம் மாதிரியும் யாரும் படிக்க முடியாத எழுத்து மாதிரியும் படம் நிறைய வரைந்தார். பிள்ளைகள் தாங்களே ஒரு எழுத்து கண்டுபிடித்துப் பக்கத்து பெஞ்சுக்குக் கடிதம் எழுதட்டும்.

பெயர் தெரியாத ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். புதுக்கோட்டை பக்கம் சித்தன்னவாசல் குகைக் கோயிலில் தாமரைக் குளத்தை வரைந்தவர். யானை, எருமை, மீன், வாத்து, தாமரை பறிக்கிற ஆட்கள் எல்லாம் அதில் இருக்கிறது, நிறைய அழிந்தும் போயிருக்கிறது. அழிந்த இடத்தைக் காலியாக விட்டு, அங்கே என்ன இருந்திருக்கும் என்று நிரப்பச் சொல்லுங்கள்.

அந்தக் குளத்தை வைத்தே வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகங்களில் சித்தன்னவாசல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது என்று இருக்கும். பிற்பாடு அங்குள்ள கல்வெட்டைப் படித்து, மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்தார், இப்போது தெரிகிற ஓவியங்கள் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தவை என்ற கருத்துதான் வலுவாக இருக்கிறது. அதனால் கல்வெட்டு ஒன்று இருக்கிறது என்பதை உறுதியாக எழுதுங்கள், காலத்தை எழுதும்போது 'என்று கருதுகிறார்கள்' என்று முடியுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் புரியாது என்று நினைக்காதீர்கள், நன்றாகவே புரியும். வான் கோ விஷயமும் இப்படித்தான். உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு ஓவியம்தான் விற்றது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அவருடைய சித்தப்பா ஒருவரே 1882இல் ஹேக் நகரக் காட்சிகளை வரையச் சொல்லிப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார், அதனால் அந்த 'ஒரே ஒரு' கதையை விட்டுவிடுவது நல்லது. அவர் அதிகம் விற்கவில்லை என்பது உண்மை, அதை மட்டும் சொல்லுங்கள். காதை வெட்டிக்கொண்ட கதை இந்த வயதுக்குத் தேவையே இல்லை, பெயரைச் சொன்னதும் எப்படியும் ஒரு பையன் எழுந்து சொல்லிவிடுவான்.

இப்போது நெட் படம். இந்தியாவில் ஓவியத்துக்குக் காப்புரிமை, ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. இது உறுதியான விஷயம். ரவிவர்மா 1906, அம்ரிதா ஷெர்கில் 1941, அபனீந்திரநாத் தாகூர் 1951, மத்தீஸ் 1954: இவர்களுடையது எல்லாம் இங்கே முடிந்துவிட்டது. நந்தலால் போஸ் 1966இல் இறந்தார், 2026 முடியும் வரை உண்டு. ஜாமினி ராய் 1972, அதனால் 2032 முடியும் வரை. பிக்காசோவுக்கு 2033, பணிக்கருக்கு 2037. ஒரு நல்ல செய்தி, பாணிக்கு உரிமை கிடையாது. தடித்த கோட்டில் பாதாம் கண் வரையச் சொல்லவும், புது எழுத்து கண்டுபிடிக்கச் சொல்லவும் யார் அனுமதியும் வேண்டாம். குறிப்பிட்ட ஒரு படத்தை டிரேஸ் எடுத்துக் கோட்டோவியமாக்கினால் அது நகல்தான், கலர் இல்லாததால் தப்பித்துவிடாது. செய்முறையை வைத்துப் புத்தகம் போட்டால் சட்டச் சிக்கலில் பாதி வராது என்று நான் சொல்வது இதனால்தான். உழைப்பாளர் சிலைக்கு இன்னொரு சலுகை: பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கிற சிற்பத்தைப் படமாக வரைந்தோ போட்டோ எடுத்தோ வெளியிட 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. அது சிற்பத்துக்குத்தான், சுவரில் வரைந்த ஓவியத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வகுப்பில் பாடம் நடத்தும்போது படத்தைக் காட்டுவது வேறு, விலை போட்டு விற்கிற புத்தகத்தில் அடிப்பது வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

கொஞ்சம் குழப்பமான இடம் இது: ஓவியத்தின் உரிமை முடிந்திருந்தாலும் அதை எடுத்த போட்டோ ஒரு அருங்காட்சியகத்துடையதாக இருக்கலாம், அவர்கள் தனி நிபந்தனை வைத்திருக்கலாம். தட்டையான ஓவியத்தை அப்படியே எடுத்த போட்டோவுக்கு உரிமை உண்டா என்பதில் நாட்டுக்கு நாடு வேறு வேறு நிலைப்பாடு. நான் அந்த வம்புக்கே போவதில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் காப்புரிமை முடிந்த தன் படங்களை 2017 முதல் யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது, ஹொகுசாயின் அலை அங்கேயே பெரிய அளவில் கிடைக்கும். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியமும் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டும் அதே மாதிரிதான். கூகுளில் தேடி வருகிற படத்தை எடுத்தால் உரிமை மட்டுமா பிரச்சினை, நிறமே ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். உரிமை உள்ள படம் கட்டாயம் வேண்டுமென்றால் குடும்பத்துக்கோ உரிமை வைத்திருப்பவருக்கோ கடிதம் எழுதுங்கள்: எத்தனை பிரதி, என்ன விலை, படம் எந்த அளவில், மின்புத்தகம் உண்டா இல்லையா என்று தெளிவாக. சிறுவர் புத்தகம் என்றால் பலர் இரங்கி வருவார்கள், ஆனால் வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வாங்குங்கள். ஏஐயில் ரவிவர்மா மாதிரி ஒரு படம் செய்து போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பிள்ளை முதன்முதலாகப் பார்க்கிற ரவிவர்மா ரவிவர்மாவாகவே இருக்கட்டும்.

ஆர்ட் பேப்பர் வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் அதன் மேல் கலர் பென்சில் பிடிக்காது, கிரேயான் வழுக்கும், ஸ்கெட்ச் பென் காயாமல் கையில் ஒட்டி எதிர்ப் பக்கத்தையும் கெடுக்கும். அட்டைக்கு மட்டும் ஆர்ட் போர்டு வைத்துக்கொண்டு உள்ளே 100 அல்லது 120 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) மேப்லித்தோ, அதாவது பளபளப்புப் பூச்சு இல்லாத தாள், போடுங்கள். வாட்டர் கலர் அதிலும் நிற்காது, தாள் ஊறி நெளியும். தண்ணீர் வேலை எல்லாவற்றையும் தனியாகச் சார்ட் பேப்பரில் செய்து புத்தகத்தில் ஒட்டச் சொல்லிவிடலாம். 48 பக்கம் என்று நீங்கள் எடுத்தது நல்ல எண், பதினாறு பக்க ஃபாரம் (ஒரே பெரிய தாளில் அடித்து மடிக்கிற பக்கங்கள்) மூன்று. முழுக்கவும் நாலு கலரில் அடிக்கக் கட்டுப்படியாகாது என்றால் ஒரு ஃபாரத்தை மட்டும் கலராக வைத்துக்கொள்ளலாம். சென்டர் பின் அடிக்கிற புத்தகத்தில் உள்ளே இருக்கிற ஃபாரம் 17 முதல் 32 வரையான பக்கங்கள், அசல் ஓவியங்கள் அத்தனையையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு மற்ற 32 பக்கத்தைக் கறுப்பு ஒன்றில் அடிக்கலாம். வெட்டி எடுக்கிற பக்கத்தின் பின்பக்கத்தில் எதையும் வைக்காதீர்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் கடையில் போய்ப் புரட்டிப் பாருங்கள், ஒரு பக்கம் வெட்டு, மறுபக்கம் அடுத்த ஓவியரின் பாதிக் கதை என்று எத்தனை இருக்கிறது. பன்னிரண்டு பேர் அதிகம் என்று நினைக்கிறேன். எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து பக்கம், மிச்சம் எட்டில் தலைப்பு, முன்னுரை, விடைகள், பெற்றோருக்கு ஒரு பக்கம். விலை நான் சொல்லமாட்டேன், தாள் விலை அடிக்கடி மாறுகிறது. ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி பக்கம் இரண்டு மூன்று அச்சகத்தில் ஒரே விவரத்தைக் கொடுத்துக் கொட்டேஷன் வாங்கி, சிவகாசியிலும் ஒன்று கேளுங்கள். ஓரிருநூறு பிரதிதான் என்றால் டிஜிட்டல், ஆயிரம் என்றால் ஆஃப்செட்.

பக்கம் வடிவமைக்கிற மென்பொருளான இன்டிசைனில் தமிழ் வைக்கும்போது பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி உட்காரும், திரையில் கவனிக்காமல் அச்சில்தான் கண்ணில் படும். இந்த வயதுக்கு எழுத்து 16 பாயின்டுக்குக் குறையாமல், வரியின் வலது ஓரத்தைச் சமப்படுத்தாமல் விடுங்கள். நம் சொற்கள் நீளம், சமப்படுத்தினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும்.

அச்சுக்குப் போகும் முன் ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்து ஒரு டம்மி செய்து, உங்கள் பள்ளிப் பிள்ளைகளில் உங்களை நன்றாகத் தெரியாத நாலைந்து பேரிடம் கொடுங்கள். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் "மிஸ், இதுல என்ன பண்ணணும்?" என்று குரல் வருகிறதோ அந்தப் பக்கத்தின் குறிப்பைத் திரும்ப எழுத வேண்டும். குறிப்பைப் படிக்காமலே சரியாகச் செய்கிறார்கள் என்றால் அந்தக் குறிப்பை எடுத்தே விடலாம். தவறாகப் புரிந்துகொண்டு ஆனால் நன்றாக ஏதோ செய்கிறார்கள் என்றால், அவர்கள் செய்ததையே ஆக்டிவிட்டியாக மாற்றிவிடுங்கள், நான் பல தடவை அப்படித்தான் செய்திருக்கிறேன்.

புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் பற்றிப் பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பணம் கிடையாது, ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமையில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், கொஞ்சம் நாள் பிடிக்கும் என்பதால் பக்கம் வடிவமைக்கும்போதே போட்டுவிடுங்கள். வெளியானதும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். அந்த மூன்றில் ஒன்று நம் கன்னிமாரா, அதை மட்டும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.